காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கம்பனி சொல்கிறது: சிறு பங்குதாரர் அதை எப்படி எடைபோடுவது?

ஹட்டன்வாசி கேட்கிறார்:

வணக்கம். பேராதனைப் பக்கத்தில் இயங்கும் சிறிய உயிர்த்தொழில்நுட்பக் கம்பனி ஒன்றில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிதளவு பங்கு இருக்கிறது. தேயிலையின் கொப்புள நோய்க்கு, செம்பு கலந்த பங்கசுநாசினிக்குப் பதிலாகத் தெளிக்கக்கூடிய நுண்ணுயிர்க் கலவை ஒன்றைத் தயாரிப்பதுதான் அவர்களுடைய முயற்சி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற என் தகப்பனார், ஊழியர் சேமலாப நிதியாகக் கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை, கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரை நெடுங்காலமாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் அதில் போட்டார். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி அல்ல, தனியார் கம்பனி.

அண்மையில் பணிப்பாளர் சபையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 2024 ஜூன் மாதத்தில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததாகவும், 2025 ஜூனில் அதே கண்டுபிடிப்புக்குச் சர்வதேச விண்ணப்பமும் தாக்கல் செய்ததாகவும், 'உலகளாவிய காப்புரிமை' கிடைக்கவிருப்பதால் கம்பனியின் பெறுமதி பன்மடங்காகிவிட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள். அப்பா வாங்கிய விலையைப் போல் நான்கு மடங்கு விலையில் புதிய பங்குகளை முதலில் பழைய பங்குதாரருக்கே வழங்குவதாகவும், மாத இறுதிக்குள் பதில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

இது வெறும் பேச்சுக் கம்பனி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 பெப்ரவரியில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர்கள் தெளித்துக் காட்டியதை அப்பா நேரில் போய்ப் பார்த்தார். அன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த துண்டுப்பிரசுரம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கலவையில் என்னென்ன சேர்கின்றன, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளிப்பது என்பதெல்லாம் அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது.

விண்ணப்பம் போட்டதாலேயே பங்கின் பெறுமதி இவ்வளவு உயருமா? நாங்கள் வாங்காமல் விட்டால் எங்கள் பங்கு என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பேராதனை ஆய்வாளர் பதில்:

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உலகளாவிய காப்புரிமை என்று எதுவும் கிடையாது. சர்வதேச விண்ணப்பம் என்பது காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் ஒரே இடத்தில் போடப்படும் விண்ணப்பம். இலங்கை 1982 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. அதனால் கிடைப்பது உரிமை அல்ல, அவகாசம். முதல் விண்ணப்பத்தின் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பம் போட வேண்டும். 18 மாதம் முடிந்ததும் அது உலகுக்கே வெளியிடப்படும். பெரும்பாலான நாடுகளில் 30 மாதத்துக்குள் தனித்தனியாக உள்ளே நுழைந்து, கட்டணம் கட்டி, மொழிபெயர்ப்புச் செய்து, அந்தந்த நாட்டுச் சட்டத்தரணியை அமர்த்தி வாதாட வேண்டும். உங்கள் கம்பனிக்கு இந்தக் கணக்கு 2026 டிசெம்பரில் முடிகிறது. அதற்குள் பணம் இல்லையென்றால், எந்தப் பரிசோதகரும் நிராகரிக்காமலே விண்ணப்பம் தானாகச் செத்துவிடும். சிறு கம்பனிகளின் விண்ணப்பங்கள் பல இப்படித்தான் போகின்றன. புதிய பங்கு விற்கும் அவசரத்துக்கும் இந்தத் திகதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அதில் தவறேதும் இல்லை, ஆனால் கடிதத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, நீங்கள் கம்பனிக்கு ஆதரவாகச் சொன்ன துண்டுப்பிரசுரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பதிவிலேயே என்னை மிகவும் நிறுத்தியது அதுதான். விண்ணப்பத் திகதிக்கு முன் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட்ட எதுவும் புதியது அல்ல என்பது காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. வெளிப்படுத்தியவர் விண்ணப்பதாரரே என்றாலும் பொதுவாக இதில் மாற்றமில்லை; விதிவிலக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விண்ணப்பதாரர் தாமே வெளியிட்டிருந்தால் ஓராண்டுச் சலுகை தருகிறது, அமெரிக்காவும் அவ்வாறே. ஐரோப்பாவில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை. இந்தியாவில் விதிவிலக்குகள் மிகக் குறுகியவை; தோட்டத்து விளக்கக் கூட்டம் அவற்றுக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெப்ரவரியில் கொடுத்த தாளில் சேர்மானம் முழுவதும் இருந்து, ஜூனில் அதே சேர்மானத்துக்கு உரிமை கோரியிருந்தால், ஐரோப்பிய வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. தாளில் இல்லாத ஏதாவது, உதாரணமாக உற்பத்தி முறை, விண்ணப்பத்தில் இருந்தால் அந்தப் பகுதி தப்பலாம். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்பது. நமது சட்டம் தாவரங்களையும் விலங்குகளையும் மட்டுமல்ல, மரபணு மாற்றம் செய்யப்படாத நுண்ணுயிர்களையும் காப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. மலைநாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த இயற்கையான பங்கசு அல்லது பக்டீரியாவாக இருந்தால், இங்கே அந்த உயிருக்கு உரிமை கிடைக்காது. கலவைக்கோ செய்முறைக்கோ கேட்கலாம். அமெரிக்காவிலும் நிலைமை இலகுவானதல்ல. அவரைக் குடும்பப் பயிர்களின் வேருக்கு இடும் பக்டீரியாக் கலவை ஒன்றுக்கு அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் 1948இல் உரிமை மறுத்தது. இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று 2013இல் மிரியட் வழக்கில் மீண்டும் சொன்னது. ஐரோப்பாவோ, இயற்கைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்த உயிரியற் பொருளை ஏற்றுக்கொள்ளும். ஆக, துண்டுப்பிரசுரத்தை மன்னிக்கும் இலங்கையும் அமெரிக்காவும் இயற்கையான நுண்ணுயிருக்கு உரிமை தர மறுக்கும். நுண்ணுயிருக்கு உரிமை தரும் ஐரோப்பா துண்டுப்பிரசுரத்தை மன்னிக்காது. 'உலகளாவிய' என்று எழுதியவர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

2024 ஜூனிலிருந்து 18 மாதம் கடந்துவிட்டதால் விண்ணப்பம் இப்போது பகிரங்கமாக இருக்க வேண்டும். உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: முதற்பக்கத்தில் விண்ணப்பதாரர் யார் என்பது, கடைசியில் உள்ள உரிமைக்கோரல்கள் (எதெதற்கு உரிமை கேட்கிறார்கள் என்ற பட்டியல்), கூடவே இணைத்திருக்கும் தேடல் அறிக்கை (முன்பே வெளியான ஆவணங்களோடு கோரல்களை ஒப்பிட்டது). நுண்ணுயிர் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் ஆனபடியால், அந்த உயிரை அங்கீகரிக்கப்பட்ட வைப்பகம் ஒன்றில் ஒப்படைத்த இலக்கமும் விவரணத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அவற்றில் ஒன்று இந்தியாவின் சண்டிகரில் இருக்கும் வைப்பகம். காப்புரிமைக்காக நுண்ணுயிர்களை ஒப்படைப்பது பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் அது 2002 முதல் அங்கீகாரம் பெற்றது. அந்த இலக்கம் இல்லாவிட்டால், மற்றவர் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கவில்லை என்ற ஆட்சேபம் பல நாடுகளில் எழும்.

பதுளை முதலீட்டாளர் பதில்:

மேலே சொல்லப்பட்ட சட்ட நுட்பங்களை மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமை என்றாலே ஏமாற்று என்ற எண்ணத்தோடு இந்த இழை நகர்ந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உயிர்த்தொழில்நுட்பக் கம்பனிகள் பங்குச் சந்தைக்கு வந்ததே காப்புரிமையின் தோளில் ஏறித்தான். 1980 ஜூனில் ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய பக்டீரியாவுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், சந்தையில் சொந்த மருந்து ஒன்றுகூட இல்லாத ஜெனென்டெக் என்ற அமெரிக்க உயிர்த்தொழில்நுட்பக் கம்பனி தன் பங்கை 35 டொலருக்கு வெளியிட, அன்றே அது 88 டொலர் வரை ஏறியது.

சீட்டஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் கதை உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. டிஎன்ஏ துண்டைப் பன்மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையின் காப்புரிமைகள் அவர்களிடம் இருந்தன. அவர்கள் பெரிதும் நம்பியிருந்த இன்டர்லூக்கின் என்ற புற்றுநோய் மருந்துக்கு 1990இல் அனுமதி கிடைக்காமல் போகவே கம்பனி தள்ளாடியது. மறுபக்கம், டுபொன்ட் போன்ற பெருநிறுவனம் பிசிஆர் காப்புரிமைகளை எதிர்த்து வழக்காடி 1991 தொடக்கத்தில் தோற்றது. வழக்கில் நின்று பிழைத்த காப்புரிமையின் விலை என்னவென்று அதே ஆண்டில் தெரிந்தது: ரோஷ் என்ற மருந்து நிறுவனம் அவற்றை 30 கோடி டொலர் கொடுத்து வாங்கியது, சீட்டஸ் கைரன் என்ற இன்னொரு கம்பனியோடு இணைந்தது. பிசிஆரைக் கண்டுபிடித்த கேரி மல்லிஸுக்குக் கம்பனி கொடுத்திருந்த ஊக்கத்தொகை 10,000 டொலர் என்பது வேறு விடயம். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. நடக்கச் சிரமப்படும் நரம்பு நோயாளிகளுக்கான அம்பிரா என்ற ஒரே மருந்தை முதுகெலும்பாகக் கொண்டிருந்த அகோர்டா கம்பனியின் காப்புரிமையை, கைல் பாஸ் என்ற நிதி முகாமையாளர் 2015 பெப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்த்தார். எதிர்க்கும் மனு போட்டதுதான் செய்தி. பங்கு விலை அன்றே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சரிந்தது. காப்புரிமை அலுவலகத்தில் கம்பனி 2017 மார்ச்சில் வென்றது. அதே மாத முடிவில் வேறொரு வழக்கில் டெலவேர் நீதிமன்றம் நான்கு காப்புரிமைகளைச் செல்லாதவை என்றது. மேன்முறையீட்டிலும் 2018இல் அது உறுதியானது. 2024இல் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. வழங்கப்பட்ட காப்புரிமைக்கே இந்தக் கதியென்றால், விண்ணப்ப நிலையில் உள்ளதை என்ன விலைக்கு வாங்குவது என்று யோசியுங்கள்.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை யாருக்குச் சொந்தம் என்ற விவகாரத்தையும் சொல்ல வேண்டும். 2017 பெப்ரவரியில் புரோட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்குச் சாதகமாக முடிவு வந்ததும் எடிடாஸ் கம்பனியின் பங்கு குதித்தது, எதிரணியில் இருந்த இரு கம்பனிகளின் பங்குகள் விழுந்தன. இதில் எடிடாஸ், புரோட்டிடம் பயன்படுத்தும் அனுமதி பெற்றிருந்த அனுமதிதாரர்தான். காப்புரிமை அதன் பெயரில் இல்லை. 2022இல் மறுபடி புரோட் வென்றது, 2025 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த 2022 முடிவை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. யாருடைய பெயரில் இருக்கிறது, அது கம்பனிக்கு என்ன ஒப்பந்தத்தில் வந்தது என்பதை ஆய்வாளர் ஐயா முதலில் பார்க்கச் சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை சிறுதோட்டக்காரர் பதில்:

நான் கொழுந்து பறித்து விற்பவன், சட்டம் தெரியாது. ஆனால் காப்புரிமை கிடைத்தாலும் பேராதனையிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இல்லாமல் ஒரு போத்தல்கூட இங்கே விற்க முடியாது. அந்தப் பதிவுக்கான பரிசோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டீர்களா? மழைக்காலத்தில் செம்பு மருந்தைவிட ஏக்கருக்கு எவ்வளவு கூடச் செலவாகும் என்பதையும் கேளுங்கள். நாங்கள் வாங்கினால்தானே உங்களுக்கு இலாபப்பங்கு.

ஹட்டன்வாசி மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. தம்பியின் உதவியுடன் பேட்டன்ட்ஸ்கோப்பில் தேடி எடுத்துவிட்டோம். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இல்லை; தொடக்குநர் ஒருவரின் சொந்தப் பெயர் இருக்கிறது. கண்டுபிடித்தவர்களாக அவரும், பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். உரிமைக்கோரல்கள் ஒன்பது. முதல் ஆறும் கலவையையும் அதைத் தேயிலைக்குத் தெளிப்பதையும் பற்றியவை. கடைசி மூன்றும் நுண்ணுயிரின் வித்திகளை உலர்த்திப் பொடியாக்கும் முறையைப் பற்றியவை. தேடல் அறிக்கையில் முதல் ஆறுக்கும் எதிரே இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டி 'எக்ஸ்' என்ற எழுத்தும், கடைசி மூன்றுக்கு 'ஏ' என்ற எழுத்தும் இடப்பட்டிருக்கின்றன. சண்டிகர் வைப்பக இலக்கம் இருக்கிறது. அந்த எழுத்துகளின் பொருள் என்ன? பெயர் விடயம் பெரிய பிரச்சினையா?

கண்டிக் கணக்காளர் பதில்:

எழுத்துகளின் பொருளை ஆய்வாளர் விளக்கட்டும். பெயர் விடயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பங்குதாரர் என்ற முறையில் உங்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை வேறில்லை. நீங்கள் பங்கு வைத்திருப்பது கம்பனியில். காப்புரிமை தனியாள் ஒருவருடைய பெயரில் இருந்து, அவர் அதை எழுத்து மூலம் கம்பனிக்குக் கைமாற்றியிராவிட்டால், கம்பனி வளர்வதும் அவர் சொத்து வளர்வதும் ஒன்றல்ல. அவர் நாளைக்கு விலகினால் காப்புரிமையும் அவரோடு போய்விடும். பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் கண்டுபிடித்தவராக இருப்பதால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டா, அது விட்டுக்கொடுத்ததா, அல்லது விற்பனையில் பங்கு கேட்கிறதா என்பதும் எழுத்தில் வேண்டும். கைமாற்றுப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். வாய்மொழி விளக்கத்தை ஏற்க வேண்டாம். தொடக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளிடம் நீங்கள் பேச வேண்டிவரலாம்.

கணக்கறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். எல்கேஏஎஸ் 38 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின்படி ஆராய்ச்சிக் கட்டச் செலவை அந்தந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும். அபிவிருத்திக் கட்டச் செலவை மட்டும், கடுமையான நிபந்தனைகள் நிறைவேறினால், சொத்தாகக் காட்டலாம். காப்புரிமையைச் சந்தை மதிப்புக்கு உயர்த்தி எழுத இடமில்லை, ஏனெனில் காப்புரிமைகளுக்குச் செயற்படு சந்தை (ஒரேமாதிரிப் பொருள்கள் அடிக்கடி கைமாறி விலை தெரியவரும் சந்தை) இருக்க முடியாது என்று அந்த நியமமே சொல்கிறது. ஆகவே ஐந்தொகையில் பெரிய தொகையொன்று காப்புரிமை என்ற பெயரில் நின்றால், கணக்காய்வாளரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். கம்பனியில் ஒரு இலட்சம் பங்கும் உங்களிடம் 2,000 பங்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 2 சதவீதம். புதிதாக 50,000 பங்கு வெளியிட்டு நீங்கள் எதுவும் வாங்காவிட்டால் 1.33 சதவீதமாகக் குறையும். பலரும் இத்தோடு பயந்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சதவீதம் குறைவது வேறு, பெறுமதி குறைவது வேறு. புதிய பங்கின் விலை உண்மையான பெறுமதிக்குக் குறைவாக இருந்தால்தான் வாங்காதவருக்கு நட்டம். விலை மிகைப்படுத்தப்பட்டிருந்தால், வாங்குபவர்கள் கொண்டுவரும் அதிகப் பணத்தில் உங்களுக்கும் சிறு பங்கு சேர்கிறது, நட்டம் அவர்களுக்கே. நான்கு மடங்கு என்ற விலையை யார், எந்த முறையில் கணித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் வராதவரை அவசரப்பட வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த சுற்றில் குறைந்த விலைக்கு வெளியிட்டால்தான் கவனம் தேவை. அப்போதும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், கம்பனியின் அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பழைய பங்குதாரருக்கே முதலில் வழங்கச் சொல்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்டதைப் பணிப்பாளர்கள் தாங்களாகவே விற்றுவிட முடியாது. பங்குதாரரின் விசேட தீர்மானம் வேண்டும். காப்புரிமை ஒன்றே பெருஞ்சொத்தாக உள்ள கம்பனியில் இது வலுவான ஏற்பாடு. ஆனால் காப்புரிமை கம்பனியின் பெயரில் இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

பேராதனை ஆய்வாளர் மீண்டும்:

'எக்ஸ்' என்றால், காட்டப்பட்ட அந்த ஒரு ஆவணம் தனியாகவே அந்தக் கோரலின் புதுமையையோ புத்தாக்கத்தையோ கேள்விக்குள்ளாக்குகிறது என்று பொருள். 'ஏ' என்றால் பின்னணித் தகவல் மட்டும், தடை இல்லை. ஆக, துண்டுப்பிரசுரம் பரிசோதகரின் கண்ணில் படாமலே முதல் ஆறு கோரல்களும் ஆட்டம் கண்டுவிட்டன. இந்த அறிக்கை கம்பனியின் கைக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். வெளியீட்டோடு அது பகிரங்கமும் ஆகிவிட்டது. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பங்கு விற்கக் கடிதம் அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் கடைசி மூன்று கோரல்களை அலட்சியம் செய்ய வேண்டாம். நுண்ணுயிர் மருந்துகள் தோற்பது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் அல்ல, களஞ்சியத்தில். பொடி ஈரம் பிடித்து, வித்திகள் செத்து, தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெறும் மாவாகிவிடும். நமது மலைநாட்டு ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பொடியைச் செய்யும் முறை உண்மையிலேயே அவர்களிடம் இருக்குமானால், அதற்கு வாங்குபவர் உண்டு. செய்முறைக் காப்புரிமையின் பலவீனம் என்னவென்றால், போட்டியாளர் தன் தொழிற்சாலைக்குள் அதே முறையில் உலர்த்தினாரா என்பதை வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம். சிலர் அதனாலேயே இத்தகைய முறையை விண்ணப்பிக்காமல் இரகசியமாக வைத்திருப்பார்கள். இங்கே விண்ணப்பம் வெளியாகிவிட்டதால் அந்த வழி முடிந்தது. உரிமை கிடைக்காவிட்டால் முறையை இலவசமாகக் கொடுத்ததாகவே ஆகும்.

பணிப்பாளர் சபைக்கு எழுதும்போது, கைமாற்றுப் பத்திரத்தோடு சேர்த்து, 30 மாத முடிவில் எந்தெந்த நாடுகளுக்குள் நுழையப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தேயிலையும் கொப்புள நோயும் உள்ள இந்தியாவும் இந்தோனேசியாவும் அந்தப் பட்டியலில் இருந்து, கோரல்களை உலர்த்தும் முறையளவில் சுருக்கிக்கொள்ளவும் அவர்கள் தயாராக இருந்தால், சட்டத்தரணியோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மட்டும் இருந்தால், கொப்புள நோயே இல்லாத இடத்தில் எதற்கு இந்தச் செலவு என்று கேட்டுவிட்டு, அந்தப் பதில் கைக்கு வரும்வரை காசோலை எழுதாதீர்கள்.